பதம் எந்தக் கட்டத்தில்?

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போகும் சாலை கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியில் கேரளத்துக்குள் நுழைகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறதே தவிர, கடைக்குள் கேட்கும் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். அப்பால் முதலமடை மாந்தோப்புகள், கொல்லங்கோடு. சித்தூர் வழியாக வடக்கே போனால், எலப்புள்ளிக்குப் பக்கத்தில் இராமசேரி. சின்ன ஊர்தான், ஆனால் அதன் இட்லிக்குப் பெரிய பேர். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. குழித்தட்டு கிடையாது. பானையில் தண்ணீர் கொதிக்கிறது, பானை வாயில் கயிற்றால் வலை பின்னிய ஒரு வளையம், வலைமேல் ஈரத்துணி, துணிமேல் மாவு, அதன்மேல் இன்னொரு சட்டியைக் கவிழ்த்து மூடுகிறார்கள். எடுத்தால் இட்லிக்கும் தோசைக்கும் நடுவே நிற்கும் தட்டையான வட்டம் ஒன்று, பஞ்சுபோல இருக்கும்.

இந்த இட்லியை இணையத்தில் பதிவேற்ற உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தேவையான பொருட்கள்: அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர். கோவையிலும் மதுரையிலும் கும்பகோணத்திலும் காலையில் வேகிற இட்லிக்கும் இதேதான். சமைக்கும் முறை? இரண்டுக்குமே 'ஆவியில் வேகவைத்தல்'. படிவத்தை நிரப்பி முடித்தால், கணினிக்கு இரண்டும் ஒரே இட்லி. தின்று பார்த்த ஒருவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வித்தியாசம் முழுவதும் பானையிலும் துணியிலும், மாவை எவ்வளவு மெல்லிசாகப் பரப்புகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. சமையல் குறிப்புகளைக் கோடிக்கணக்கில் சேர்த்து, அடுக்கி, தேடித்தரும் இந்தக் காலத்து ஏற்பாடு எதைப் பிடிக்கிறது, எதை நழுவவிடுகிறது என்று பார்ப்பதற்கு இராமசேரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த ஏற்பாடு. 2011 ஜூனில் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொது அகராதி ஒன்றைத் தொடங்கின. வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் பின்புறத்தில் 'இது ஒரு செய்முறை, இது அதன் பெயர், இவை பொருட்கள், இத்தனை பேருக்குக் காணும், இத்தனை நேரமாகும்' என்று குறித்துவைப்பதற்கான விதிகள் அவை. தேடல் முடிவில் படத்தோடு '30 நிமிடம்' என்று வந்து நிற்பது இதனால்தான். நேரத்தை ஐ.எஸ்.ஓ. 8601 என்ற உலகத் தரத்தின்படி எழுதவேண்டும்: முப்பது நிமிடம் என்றால் 'பிடி30எம்'. 'மூணு விசில்' என்று எழுத அதில் வழியில்லை. 'சுருள வதங்கும் வரை' என்று எழுதவும் வழியில்லை. அதெல்லாம் செய்முறை என்ற உரைநடைப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டிக்குள் போனதை மனிதர் படிக்கலாம், ஆனால் அதை வைத்து அடுக்கவோ வடிகட்டவோ முடியாது.

பொருள், நேரம், ஊர் எனப் பல முகங்களால் ஒன்றை அடையாளப்படுத்தி, எந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வைக்கும் எண்ணத்துக்கு ஒரு தமிழ்நாட்டுப் பூர்வீகம் உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரு நூலுக்கு ஒரே அறை, ஒரே எண் என்ற பழைய முறையை விட்டு, எந்த விஷயத்தையும் சில அடிப்படை முகங்களாகப் பிரித்து எழுதலாம் என்றார். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த முகங்கள் ஐந்தாக உறுதிப்பட்டன: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். இன்றைக்குச் சமையல் தளத்தில் 'சைவம், கேரளம், அரை மணிக்குள்' என்று மூன்று பொத்தான்களை அழுத்தித் தேடுபவர், தெரியாமலே ரங்கநாதனின் வழியில்தான் தேடுகிறார். ஆனால் அந்தப் பொத்தான்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பொருள் இருக்கிறது, இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது. ரங்கநாதன் 'ஆற்றல்' என்ற தலைப்பில் வைத்தது செயலை: ஒன்றின்மேல் என்ன நடத்தப்படுகிறது என்பதை. சமையலில் உயிரே அதுதான். நம் தளங்களில் மிகவும் மெலிந்து கிடப்பதும் அதுதான்.

இந்தக் குறை விஞ்ஞானிகளின் ஆய்வுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. 2011இல் யோங்-யோல் ஆன், பராபாசி முதலானோர் இணையத்திலிருந்து 56,498 செய்முறைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 381 பொருட்கள், 1,021 மணச் சேர்மங்கள். எந்த இரு பொருட்களுக்கு மணச் சேர்மங்கள் பொதுவாக இருக்கின்றன, அவை ஒரே பாத்திரத்தில் சேர்கின்றனவா என்பது கேள்வி. மேற்கத்திய சமையல் ஒத்த மணமுள்ளவற்றைச் சேர்க்க விரும்புகிறது, கிழக்காசியச் சமையல் அதைத் தவிர்க்கிறது என்று கண்டார்கள். 2015இல் ஜோத்பூர் ஐ.ஐ.டி.யில் கணேஷ் பாக்ளர் குழு இதே கேள்வியை இந்தியச் சமையலிடம் கேட்டது. தரளா தலால் தளத்திலிருந்து 2,543 செய்முறைகள். வங்காளி, குஜராத்தி, ஜைனம், மராட்டி, முகலாய், பஞ்சாபி, ராஜஸ்தானி, தென்னிந்தியம் என எட்டுப் பிரிவுகள். எட்டிலுமே ஒத்த மணமுள்ள பொருட்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்றும், அதற்கு முக்கியக் காரணம் மசாலாப் பொருட்களே என்றும் விடை வந்தது. அழகான முடிவு. 'தென்னிந்தியம்' என்ற ஒரே பெட்டிக்குள் செட்டிநாடும் உடுப்பியும் பாலக்காட்டு அக்கிரகாரமும் மலபாரும் அடைந்து கிடப்பதைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பு வருவது வேறு விஷயம்.

பெரிய சங்கடம் அதுவல்ல. இந்த ஆய்வுகளில் ஒரு பொருள் செய்முறையில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கணக்கு. எவ்வளவு, எப்போது, எந்த நிலையில் என்பது இல்லை. கடுகை எடுத்துக்கொள்வோம். முழுக் கடுகில் சினிக்ரின் என்ற சேர்மமும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்தால் இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் காரமுள்ள அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. பாலக்காட்டுப் பச்சடியில் தேங்காயோடு கடுகை அரைத்துச் சேர்ப்பதும், கடுமாங்காயில் கடுகு போடுவதும் இந்தக் காரத்துக்காகத்தான். அதே கடுகைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் நொதி வெப்பத்தில் செத்துவிடும். காரம் பிறக்காது, வறுபட்ட வாசனைதான் வரும். பட்டியலில் இரண்டு இடத்திலும் 'கடுகு – 1 தேக்கரண்டி'. வேதியியலில் இரண்டும் இரண்டு பொருட்கள். தாளிப்பை நம்பி வாழும் ஒரு சமையலை வெறும் பொருட்பட்டியலாக்கி ஆராய்வது, என் பார்வையில், பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்சுகே மோரியும் அவரது குழுவினரும் செய்முறை உரையை ஒரு வரைபடமாக மாற்றும் வேலையைச் செய்திருக்கிறார்கள். பொருட்கள் கிளை நுனிகள். 'நறுக்கு', 'வதக்கு', 'சேர்' என்ற செயல்கள் முடிச்சுகள். ஒவ்வொரு செயலும் தனக்கு முந்தைய செயலின் விளைபொருளை வாங்கிக்கொள்கிறது. எல்லாம் ஓடிவந்து கடைசியில் ஒரு தட்டில் சேர்கின்றன. இப்படி எழுதினால் அரைத்த கடுகும் பொரிந்த கடுகும் வேறு வேறு கிளைகளில் நிற்கும். வத்தக்குழம்பும் சாம்பாரும் எந்த முடிச்சில் பிரிகின்றன என்று விரல்வைத்துக் காட்டலாம். மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு செய்முறையையும் அடையாளமிட்டுத் தரவேண்டும் என்பதால் இது மெதுவான வேலை. தமிழில் இன்னும் மெதுவாகும். 'தாளித்துக் கொட்டவும்' என்ற இரண்டு சொற்களுக்குள் எண்ணெய் காய்வது, கடுகு வெடிப்பது, மிளகாய் கறுக்காமல் சிவப்பது, கறிவேப்பிலை போட்டதும் தள்ளி நிற்பது என நாலைந்து முடிச்சுகள் மறைந்திருக்கின்றன.

சரி, வரைபடம் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முடிச்சிலும் 'எதுவரை' என்ற கேள்வி நிற்கும். இணையத்தின் வழக்கமான பதில் நிமிடம். நிமிடம் எவ்வளவு பலவீனமான பதில் என்பதை இராமசேரி இட்லியே காட்டிவிடும்.

வெப்பம் ஒரு பொருளின் நடுவரை ஊடுருவ ஆகும் நேரம், தடிமனைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடுவதில்லை. தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. தண்ணீர்ச்சத்து மிக்க உணவுகளில் வெப்பம் பரவும் வேகம் வினாடிக்குச் சுமார் 0.14 சதுர மில்லிமீட்டர். குழித்தட்டு இட்லி நடுவில் 2 செ.மீ. தடிமன் என்றால், இரு பக்கமிருந்தும் வெப்பம் 10 மி.மீ. உள்ளே போகவேண்டும்: 100ஐ 0.14ஆல் வகுத்தால் ஏறத்தாழ 714 வினாடி, அதாவது 12 நிமிடம். நம் வீட்டு அனுபவமும் கிட்டத்தட்ட அதுதான். மாவைப் பாதித் தடிமனுக்குப் பரப்பினால் 5 மி.மீ. போனால் போதும், 3 நிமிடம். பாதித் தடிமன், கால் நேரம். மாவுக்குள் இருக்கும் காற்றுக்குமிழிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் அசைக்கும், போக்கை மாற்றாது. கூடவே துணியின் வேலையும் இருக்கிறது. உலோகத் தட்டில் மாவின் அடிப்பக்கத்துக்கு வெப்பம் உலோகம் வழியாகத்தான் வரவேண்டும். துணியிலோ ஆவி நேரே வந்து மாவைத் தொட்டுக் குளிர்ந்து நீராகிறது. ஒரு கிராம் ஆவி அப்படி நீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். மிஞ்சிய ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்கிறது. ஆக, 'இட்லி வேகும் நேரம்: 12 நிமிடம்' என்று எழுதும்போது நாம் உண்மையில் எழுதுவது தட்டின் குழி ஆழத்தை.

'எத்தனை பேருக்கு' என்ற பொத்தானும் இதே குழியில்தான் விழுகிறது. நாலு பேருக்கான குறிப்பில் 400 என்று தட்டினால் தளம் எல்லாவற்றையும் நூறால் பெருக்கித் தரும். அரிசியைப் பெருக்கலாம், துவரம்பருப்பைப் பெருக்கலாம். தண்ணீரைப் பெருக்கினால் கதை கந்தல். அதே வடிவப் பாத்திரத்தை நூறு மடங்கு கொள்ளளவுக்குப் பெரிதாக்கினால், அதன் வாய் 21 மடங்குதான் பெரிதாகும். கொள்ளளவு மும்மடியிலும் பரப்பு இருமடியிலும் வளர்வதன் விளைவு இது. ஆவி போவது வாய் வழியாகத்தான். எனவே குழம்பு சுண்டுவது, அளவோடு ஒப்பிட்டால், ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. சோற்றுக்கும் இதே நியாயம்: அரிசி உறிஞ்சும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்தது, ஆவியாகும் தண்ணீர் பாத்திரத்தையும் மூடியையும் பொறுத்தது. இரண்டையும் சேர்த்து 'ஒன்றுக்கு இரண்டு' என்று எழுதிவைத்த விகிதம் பெரிய அளவில் சோற்றைக் குழைத்துவிடும். பாலக்காட்டுப் பக்கம் விருந்துச் சமையலைத் தேகண்டம் என்பார்கள். கல்பாத்தியில் கல்யாணப் பந்திக்கு அண்டா ஏற்றும் தேகண்டக்காரர் எவரும் வீட்டுக் குறிப்பை நூறால் பெருக்குவதில்லை. புளித்தண்ணீரைக் கெட்டியாகவே கரைத்து ஊற்றுவார், பிறகு கரண்டியைத் தூக்கிப் பார்த்துச் சேர்ப்பார்.

எல்லையின் இன்னொரு முனைக்குப் போனால் ஆட்டம் வேறு. இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். உயரம் 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாலக்காட்டுச் சமவெளியில் எழுதிய 'பருப்பைத் திறந்த பாத்திரத்தில் 40 நிமிடம்' என்ற குறிப்பு அங்கே வேகாத பருப்பைத்தான் தரும். குக்கர் போட்டாலும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால், உள்ளே வெப்பம் சமவெளியைவிடச் சுமார் 3 டிகிரி குறைவு. மாவு புளிப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் முதலான நுண்ணுயிர்கள் வெப்பத்துக்கேற்ப வேலை செய்பவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே அனல் காற்று வீசும் பங்குனியில் மாவு ராத்திரிக்குள் பொங்கி வழியும்; மூணாறின் தை மாதக் குளிரில் அதே மாவு விடிந்தும் அசையாமல் கிடக்கும். 'எட்டு மணி நேரம் புளிக்கவிடவும்' என்பது இந்த இரண்டு ஊர்களில் எந்த ஊருக்கு?

விசில் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பரிந்து பேசுவேன். விசில் ஒரு நேர அளவு அல்ல; பெரிய தீயில் மூன்று விசில் ஐந்து நிமிடத்தில் வரும், சின்னத் தீயில் கால் மணியும் ஆகும். ஆனால் அது பாத்திரத்துக்குள்ளிருந்து வரும் செய்தி. அழுத்தம் இந்த அளவைத் தொட்டுவிட்டது என்று அது தானே சொல்கிறது. தரமான அலகு இல்லையென்றாலும், அடுப்பைப் பார்க்காத கடிகாரத்தைவிட மேல்.

அளவுகளுக்கு வருவோம். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. கல்யாணமாகித் தொலைதூரம் போன பெண்களுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பிய புத்தகம். இன்றைய செயலிகள் செய்யும் வேலையை அன்று அது செய்தது. அளவெல்லாம் பலம், ஆழாக்கு, வீசை. ஐந்து ஆண்டு கழித்து 1956இல் எடையளவுத் தரச் சட்டம் வந்தது. 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புகுந்தன, 1962இல் கட்டாயமாயின. பலம் 35 கிராம் என்று பெயர்த்துக்கொள்வது எளிது. முகத்தல் அளவுகள் அப்படி இல்லை. தமிழ் வாய்பாட்டில் 8 ஆழாக்கு ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி. கேரள வாய்பாட்டில் 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. சோதனைச்சாவடியைத் தாண்டியதும் நாழி என்ற பேர் மட்டும் கூடவே வரும், அளவு வராது. 'ஒரு கப்' என்ற நவீன அளவு யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. இதில் கல்லுப்பைக் கரண்டியால் அளந்தால், பரல்களுக்கு இடையே காற்று இருப்பதால், அதே கரண்டிப் பொடியுப்பைவிட எடை குறைவாக நிற்கும். சாம்பாரில் இது சரிசெய்யக்கூடிய சங்கதி. முதலமடை மாங்காயில் ஊறுகாய் போடும்போது, உப்பு குறைந்தால் பூஞ்சை.

பெயர்களின் குழப்பம் இந்த எல்லையில் தினசரி. மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். தமிழில் மிளகு வேறு. அங்கே சர்க்கர என்பது வெல்லம், இங்கே கடையில் சர்க்கரை கேட்டால் சீனி. உப்பேரி பாலக்காட்டில் பொரியல், தெற்குக் கேரளத்தில் நேந்திரங்காய் வறுவல். இயந்திர மொழிபெயர்ப்பு இவற்றில் ஏதாவது ஒன்றில் கால் தடுக்காமல் போவது அபூர்வம். போதாததற்கு, ஆங்கில எழுத்தில் 'குழம்பு' தேடுபவர்களில் ழகரத்துக்குச் சிலர் இசட்-எச் போடுவார்கள், சிலர் எல். எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு சொல் இன்னொன்றாகும் என்று எண்ணிப் பார்க்கும் லெவன்ஷ்டைன் தொலைவு என்ற கணக்கு எழுத்துப்பிழைகளைச் சமாளித்துவிடும். மிளகையும் மிளகாயையும் பிரிக்க அது உதவாது. இரண்டும் எழுத்தில் அவ்வளவு நெருக்கம். அதற்குப் பெயரை விட்டுவிட்டுத் தாவரத்துக்கே ஒரு எண் கொடுப்பதுதான் வழி. 2018இல் வெளிவந்த ஃபுட்ஆன் என்ற உணவுப் பகுப்பு அதைத்தான் செய்கிறது: இன்ன செடி, அதன் இன்ன பாகம், காய்ந்ததா பச்சையா, என்ன பதனம் என்று தனித்தனி முகங்களாக. சீர்காழிக்காரர் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

ஆக, பொருளுக்கு எண் கொடுத்துவிடலாம், அளவைக் கிராமாக்கிவிடலாம். மிஞ்சுவது 'எதுவரை'. இதற்குத் தமிழ்ச் சமையல் எப்போதோ கண்டுபிடித்த பதில் பதம். பொறியாளர்கள் கட்டுப்பாட்டு முறைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். கொடியில் போட்ட வேட்டியை 'இரண்டு மணி நேரம் ஆயிற்று' என்று எடுப்பது திறந்த சுற்று. தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் எடுப்பது மூடிய சுற்று. முதலாவதற்கு வெயில், காற்று, துணியின் கனம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். இரண்டாவதற்கு எதுவும் தெரிய வேண்டாம், ஒரு கை போதும். நிமிடத்தில் எழுதிய செய்முறை திறந்த சுற்று. பதத்தில் எழுதியது மூடிய சுற்று.

பாகு இதற்குச் சரியான சான்று. சர்க்கரைக் கரைசல் சுண்டச் சுண்ட அதன் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். 110 டிகிரியில் கொதிக்கிறது என்றால் அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு சர்க்கரை. 116ஐ நெருங்கும்போது 85ஐத் தாண்டிவிடும். தண்ணீர் இவ்வளவு குறைந்த பாகு, விரலிடையில் இழுத்தால் கம்பியாக நிற்கும். இன்னும் குறைந்தால், தண்ணீரில் விட்டதும் உருட்ட வரும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று அதிரசம் சுடுபவர்கள் சொல்வது, அடர்த்தியை வெப்பமானி இல்லாமல் அளக்கும் முறை. தீ பெரிதோ சின்னதோ, உருளி அகலமோ குறுகலோ, ஊர் பாலக்காடோ மூணாறோ, பதம் பதம்தான். மலையில் வெப்பமானியே கொதிநிலைக் குறைவைக் கழித்துப் பார்க்காவிட்டால் தப்பாகச் சொல்லும். தண்ணீரில் விட்ட பாகு தப்பாகச் சொல்லாது. வெல்லத்தில் ஊருக்கு ஊர் கசடும் ஈரமும் மாறுவதையும் அந்தச் சோதனை சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 'பதம் என்பது பாட்டிமாரின் மழுப்பல், நிமிடம்தான் அறிவியல்' என்ற நினைப்பு படித்தவர்களிடம் இன்னும் உண்டு. அதைத் தலைகீழாகப் படித்தால் சரியாக இருக்கும்.

காணொளி வந்தபிறகு, பதத்தைப் பதிய முடியாத குறை தீர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். பாதி தீர்ந்தது. புதுக்கோட்டை சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டிய வில்லேஜ் குக்கிங் சேனலில் கிராம் கணக்கு கேட்காது. பொருளின் பேரை உரக்கச் சொல்லிக் கொட்டுவார்கள். வெங்காயம் எந்த நிறத்தில் இருக்கும்போது தக்காளி விழுகிறது, மசாலா எப்படித் திரண்டு எண்ணெய் பிரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பார்த்ததைத் தேட முடியாது. 'எண்ணெய் பிரியும் நொடி' என்று தட்டினால் லட்சம் காணொளிகளில் அந்த நொடிகளை மட்டும் எடுத்துத் தரும் பொறி இன்னும் அடுப்படிக்கு வரவில்லை. 2017இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய 'ரெசிபி1எம்' தொகுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செய்முறைகளும் எட்டு லட்சம் படங்களும் உண்டு. படங்கள் பெரும்பாலும் முடிந்த தட்டின் அழகு. நடுவழியில் வாணலி எப்படி இருந்தது என்பதை யாரும் படமெடுப்பதில்லை.

அப்படியானால் இராமசேரி இட்லியை எப்படிப் பதிவது? பொருட்பட்டியலோடு பாத்திரத்தின் பொருளையும் வாயகலத்தையும் எழுதவேண்டும். மாவு விரிந்த தடிமன். ஆவி வரும் வழி: உலோகம் வழியாகவா துணி வழியாகவா. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு கட்டங்கள், ஒன்று பதம், இன்னொன்று பதம் தவறினால் என்ன தெரியும் என்பது. நிமிடமும் இருக்கட்டும், ஆனால் 'இந்த ஊரில், இந்தப் பாத்திரத்தில்' என்ற அடைமொழியோடு. அதன்பிறகு, வேறு ஊரில் செய்து பார்த்தவர்களின் குறிப்பு. 1998இல் தொடங்கிய ஜப்பானின் குக்பேட் தளத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது: ஒருவரின் செய்முறையைச் சமைத்தவர், செய்த பண்டத்தின் படத்தோடு ஒரு சிறு அறிக்கை அனுப்புவார். கிணத்துக்கடவில் ஒருவர், தேவிகுளத்தில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர் என அறிக்கை சேரச் சேர, எந்தப் பதம் ஊருக்கு ஊர் நிலைத்து நிற்கிறது, எந்த நிமிடம் ஊருக்கு ஊர் தாவுகிறது என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு பதம் மட்டும் இதிலும் அகப்படாது. தமிழ்ச் செய்முறைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம், 'பச்சை வாசனை போகும் வரை'. கடுகு வெடிப்பதை ஒலிவாங்கி கேட்டுவிடும், விசிலை எண்ணிவிடும். வெங்காயம் சிவப்பதைக் கேமரா கண்டுவிடும். பச்சை வாசனை என்பதோ பல மாற்றங்களின் கூட்டம். நசுக்கிய பூண்டில் பிறந்த அல்லிசின் சூட்டில் உடைந்து வேறு கந்தகச் சேர்மங்களாகிறது; இஞ்சியின் ஜிஞ்செரால், ஷோகவால் என்றும் ஜிஞ்செரோன் என்றும் மாறுகிறது; எளிதில் ஆவியாகும் மணங்கள் ஓடிப்போகின்றன, வறுபடும் மணங்கள் வந்து சேர்கின்றன. எந்தச் சேர்மம் எந்த அளவுக்குக் கீழே போனால் நாம் 'போய்விட்டது' என்கிறோம் என்பதை மூக்குதான் தீர்மானிக்கிறது. மூக்கை இயந்திரமாக்க முடியாதா என்றால், முடியும். வேறு ஒரு பண்டத்துக்குச் செய்தும் இருக்கிறார்கள். தேயிலை ஆலையில் கசக்கிய இலை காற்றுபட்டு மாறும்போது எந்தக் கணத்தில் அதை நிறுத்தி உலர்த்துவது என்று அனுபவசாலிகள் முகர்ந்தே முடிவு செய்வார்கள். அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காகக் கொல்கத்தாவின் சி-டாக் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும், உலோக ஆக்சைடு உணரிகளைக் கோத்து மின்மூக்கு ஒன்றை உருவாக்கின. தேயிலைக்கு ஏல விலை உண்டு, தரம் ஒரு படி இறங்கினால் நட்டம் எவ்வளவு என்று கணக்கும் உண்டு. அதனால் ஆலைக்கு மூக்கு கிடைத்தது. மூணாறில் அந்த இலையைப் பறிப்பவர் வீட்டு வாணலியில் வதங்கும் இஞ்சி பூண்டுக்கு அப்படி எந்த ஏலமும் இல்லை.